கறுப்புத் தட்டும் கண்ணாடித் தட்டும்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை கனிஷாய் என்னைக் கூப்பிட்டது சின்ன வேலைக்குத்தான். இயற்பியல் அறையைக் காலி செய்கிறார்கள். அலமாரி உச்சியிலிருந்து நிலைமின் இயந்திரங்கள் இரண்டு இறங்கியிருக்கின்றன. ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாம். மற்றதைத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும் பழம்பொருள் வியாபாரி எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பள்ளிக்கு ஒரு கணினி தருவான். எங்கள் வகுப்பு படித்த காலத்து இயந்திரம் எது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நீங்கதானே, பைகே, வகுப்புத் தலைவர்? எதையும் மறக்க மாட்டீங்க. வந்து ஒரு கை காட்டிட்டுப் போங்க," என்றாள் போனில். "நசிபா எஜேகிட்டயே கேட்டிருப்பேன். அவங்க அந்த அறையில எத்தனையோ வருஷம் பாடம் நடத்தினவங்க. ஆனா மாஸ்கோவில வேலை நேரத்துல கூப்பிட்டா திட்டுறாங்க."

"அவளைத் தொந்தரவு பண்ணாத. நானே வர்றேன்," என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

பைகே என்றால் எங்கள் பக்கம் அண்ணன், எஜே என்றால் அக்கா. நசிபா என் மனைவி. ஆறு வருஷமாக மாஸ்கோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இங்கே அவள் இயற்பியல் சொல்லிக்கொடுத்து வாங்கிய சம்பளத்தை விட அங்கே சூப் ஊற்றி வாங்குவது அதிகம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்வோம். அடுப்பு புகைகிறதா, பீன்ஸ் விற்றதா, முட்டி வலி எப்படி என்று அவள் கேட்பாள். அங்கே பனியா மழையா என்று நான் கேட்பேன்.

அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் எர்னா.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை பழைய மாணவர் கூட்டம் நடக்கும். அதற்காக ஜனவரியில் எங்கள் வகுப்பார் அத்தனை பேருக்கும் நான் எழுதுவது வழக்கம். முன்பு தாளில் எழுதினேன், இப்போது போனில். போனில் எழுதினாலும் 'அன்புள்ள' என்று தொடங்கி, ஊர்ச் செய்தி, குளிர், யார் வீட்டில் கல்யாணம், கூட்டம் எத்தனை மணிக்கு என்று ஒழுங்காகத்தான் போகும் என் கடிதம். மின்வாரியத்தில் முப்பது வருஷம் அறிக்கை எழுதிய கை. பதிலுக்குப் பெரும்பாலும் கட்டை விரல் படம் ஒன்று வரும். இந்த முறை எர்னாவிடமிருந்து பதில் வந்தது.

"எசென்குல், இந்தத் தடவை நான் வர்றேன். ஆனா ஒண்ணு சொல்லு. நம்ம இயந்திரம் இன்னும் இருக்கா? இருந்தாதான் வருவேன். இன்னொரு தடவை வட்டத்துல நிக்கணும்னு ஆசை. அது இல்லேன்னா நான் அங்க வந்து யாரைப் பாக்குறது? வகுப்புல பாதிப் பேர் ஜெர்மனியில எங்க பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க."

வட்டம் என்பது எங்கள் ஆசிரியர் கார்ல் இவானவிச் தொடங்கிய வழக்கம். மின்னியல் பாடம் முடிகிற நாளில் வகுப்பு முழுவதையும் கைகோத்து வட்டமாக நிறுத்துவார். இயந்திரத்தின் இரண்டு தட்டுகளும் எதிர் எதிராகச் சுற்றும். அதன் கண்ணாடி ஜாடிகளில் மின்சாரம் சேரும். ஒரு முனையில் நிற்பவன் ஜாடியின் வெளித்தகட்டைப் பிடித்திருப்பான். மறுமுனையில் நிற்பவன் குமிழைத் தொடுவான். அவ்வளவுதான். அத்தனை பேர் முழங்கையிலும் ஒரே நொடியில் யாரோ சுண்டிவிட்டது போலிருக்கும். ஒருவர் கையை விட்டுவிட்டால் ஒருவருக்கும் எதுவும் வராது. பள்ளி முடிந்த பிறகும் ஒவ்வொரு பிப்ரவரியும் வட்டம் போட்டோம். எங்கள் ஊரில் குடியேறியிருந்த ஜெர்மன்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஜெர்மனிக்குப் போனார்கள், ருஷ்யர்கள் ருஷ்யாவுக்குப் போனார்கள். வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. கார்ல் இவானவிச் இறந்த பிறகு நின்றுவிட்டது.

வட்டத்தில் எர்னா எனக்கு வலப்பக்கம் நிற்பாள். ஆனால் நான் இத்தனை காலம் வைத்துக்கொண்டிருந்தது அவள் கையை அல்ல, ஒரு முகத்தை. இயந்திரம் சுற்றுகிறது. தட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் முகம். தட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளித் தகடுகள் அந்த முகத்தின் குறுக்கே ஒவ்வொன்றாக ஓடுகின்றன. கண் தெரிகிறது, மறைகிறது, தெரிகிறது. நெற்றியில் இரண்டு மயிரிழை மின்சாரத்தில் எழும்பி நிற்கிறது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். கணவாயில் பனி சரிந்து மின்கம்பி அறுந்து, நாள்கணக்கில் ஒரு தகரக் குடிசையில் கிடந்தபோதெல்லாம் அந்த முகம்தான் துணை. அது எர்னாவின் முகம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. ஆகவே எங்கள் இயந்திரத்தை அடையாளம் காண்பது எனக்கு ஒரு வேலையே அல்ல. தட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்க முடிந்தால் அது எங்களுடையது.

*

இயற்பியல் அறையில் உறைபனி வெளிச்சம். மேசைமேல் இரண்டு இயந்திரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றின் தட்டுகள் எபோனைட், அதாவது கறுப்பு ரப்பரைச் சுட்டுக் கெட்டியாக்கியது. ஜன்னல் பக்கம் இருந்த தட்டு வெயில் தின்று பழுப்பேறி, காய்ந்த ரொட்டி மேல்தோல் போலிருந்தது. மரப்பீடம். மற்றதன் தட்டுகள் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக். பீடமும் பிளாஸ்டிக்தான்.

வியாபாரி ரினாத் என்ற தாதார் இனத்துக்காரன், கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் கறுப்பு இயந்திரத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"பைகே, சொல்லிருங்க. எனக்குக் கணவாய் அடைக்கிறதுக்குள்ள கிளம்பணும்," என்றான்.

"இதுதான்," என்றேன். என் விரல் தெளிந்த தட்டைக் காட்டியது.

ரினாத்தின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! கண்ணுன்னா இது கண்ணு. எஜே, இதைப் பெட்டியில வையுங்க. பளபளன்னு இருக்கும். இந்தக் கறுப்புக் குப்பையை நான் தூக்கிட்டுப் போயிடறேன்."

"குப்பைக்கு யாராவது கணினி குடுப்பாங்களா?" என்றாள் கனிஷாய்.

"என் மனசு இளகின மனசு எஜே. எங்க அம்மாவே சொல்லுவாங்க, இவன் யாவாரத்துக்கு ஆக மாட்டான்னு."

அவன் கறுப்பைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் கவிழ்த்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். தெளிந்த தட்டு இயந்திரத்தை மெல்லச் சாய்த்தேன். பீடத்தின் அடியில் சிவப்பு மையில் முத்திரை. தொழிற்சாலைப் பெயர் தேய்ந்திருந்தது, ஆண்டு தேயவில்லை. 1979. நாங்கள் பள்ளியை விட்டது எழுபத்தாறில்.

"பீடத்தை மட்டும் மாத்தியிருப்பாங்க பைகே," என்றான் ரினாத், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "எங்க பக்கமெல்லாம் அப்படித்தான். தட்டு ஒரு வயசு, பீடம் ஒரு வயசு. மனுஷங்களே அப்படித்தானே, பல்லு ஒரு வயசு, ஆளு ஒரு வயசு."

இருக்கலாம் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். ஆனால் கையை அடக்க முடியவில்லை. துணியை விலக்கிக் கறுப்பு இயந்திரத்தையும் பார்த்தேன். பொறி பாயும் குமிழ்கள் இரண்டு. இடது பக்கத்தது பித்தளை, வழவழவென்று, தொழிற்சாலையில் செய்தது. வலது பக்கத்தது கொஞ்சம் பெரியது, நிக்கல் பூசியது, அடியில் மரையோடு ஒரு கழுத்து. இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் குமிழ்.

எங்கள் தலைமுறையில் அந்தக் குமிழைத் திருகாத பையன் கிடையாது. ஆனால் பள்ளி இயந்திரத்தில் கட்டில் குமிழ் ஏறியது எப்படி என்று எங்கள் வகுப்பு முழுவதற்கும் தெரியும். உண்மைக் குமிழை எங்களோடு படித்த தோக்தோசுன் தொலைத்துவிட்டான். மறுநாள் எர்னா தன் வீட்டுக் கட்டிலிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கார்ல் இவானவிச் அதைப் பொருத்திவிட்டு, "இன்னைக்கு ராத்திரி உங்க அப்பா தலைகாணி பக்கம் கைய நீட்டித் தேடுவார்," என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்படியானால் கறுப்புதான் எங்களுடையது. கறுப்புத் தட்டுக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் தெரியாது. சட்டைப் பொத்தான்கூடத் தெரியாது.

"என்ன பைகே, முகம் வெளுத்துருச்சு?" என்றாள் கனிஷாய்.

"ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலையில சொல்றேன்."

"ஒரு தட்டைப் பாத்துச் சொல்ல ஒரு நாளா?" என்று ரினாத் கையை விரித்தான். "பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்களே!"

*

வீட்டுக்கு நடந்து வந்தேன். யோசிக்க யோசிக்க மேலும் மோசமாயிற்று. கார்ல் இவானவிச் கைப்பிடியை வேறு யாரையும் தொட விட்டதே இல்லை. இயந்திரம் அவர் மேசைமேல் இருக்கும், கைப்பிடி அவர் பக்கம் இருக்கும். நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் எர்னா நின்றிருக்கவே முடியாது. அப்போது அந்த முகம் எங்கிருந்து வந்தது? மனசு தானாகவே ஒன்றை வரைந்து, அதை நான் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேனா?

இன்னொன்றும் தோன்றியது. தெளிந்த தட்டுதான் எங்களுடையது என்று நான் சொன்னால் போதும். கனிஷாய்க்கு எதுவும் தெரியாது. ரினாத் கறுப்பைக் கொண்டுபோய்விடுவான். அந்த முகம் எனக்கு அப்படியே இருக்கும். எர்னா வந்து பார்த்து, அது அல்ல என்று சொன்னால், வயசாகிவிட்டது, ஞாபகம் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் கேட்டது அவள் வீட்டுக் குமிழ் உள்ள இயந்திரம். அதற்காக அத்தனை தூரம் வருகிறாள்.

சாயங்காலம் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. திரையில் நசிபா, தலையில் வெள்ளைத் துணி, பின்னால் பெரிய அலுமினியப் பானைகள்.

"என்ன கிழவரே, என் அறையில போய் என்ன அதிகாரம் பண்றீங்க?"

"யார் சொன்னது உனக்கு?"

"நம்ம தாலாஸ்ல ஒருத்தன் தும்மினா மாஸ்கோ சமையலறையில கேக்கும். கனிஷாய் போன் பண்ணினா. பைகே முகம் வெளுத்துப் போச்சு, நெஞ்சுவலியா பாருங்கன்னா. நெஞ்சுவலியா?"

"இல்ல."

"எர்னா வர்றாளாமே?"

நான் தேநீரை இறக்கி வைத்தேன். "வர்றதா எழுதியிருக்கா. இயந்திரம் இருந்தா."

"அதுக்கு ஏன் என்கிட்ட மறைக்கணும்? வந்தா நல்லா கவனிங்க. குர்தாக் வறுக்கத் தெரியலேன்னா தங்கச்சியைக் கூப்பிட்டுக்கங்க. உங்க கையால கறி வறுத்தா அவ திரும்பி ஜெர்மனிக்கே ஓடிடுவா." அவள் ஏதோ ஒரு மூடியைத் தள்ளி வைத்தாள். "எது உங்க வகுப்பு இயந்திரம்னு தெரியலையாம், அப்படியா? கட்டில் குமிழ் வச்சதுதானே? எல்லா வகுப்புக்கும் அந்தக் கதையை நானே சொல்லியிருக்கேனே."

"கறுப்புன்னுதான் தெரியுது. ஆனா என் ஞாபகத்துல தட்டு கண்ணாடி மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் பாத்தா முகம் தெரிஞ்சுது."

திரையில் அவள் அசையாமல் நின்றாள். "யார் முகம்?"

நான் கோப்பையில் தேநீர் ஊற்றினேன்.

"அந்தத் தெளிஞ்ச தட்டு நான் கொண்டுவந்தது," என்றாள் மெதுவாக. "பிஷ்கெக்ல நாம படிச்ச கல்லூரியில ஆய்வகத்தைக் காலி பண்ணாங்கல்ல? குப்பையில போடறேன்னாங்க. பஸ்ஸில மடியில வச்சுக்கிட்டு ரெண்டு கணவாய் தாண்டி வந்தேன். பக்கத்து சீட்டுக்காரன், இது என்ன எஜே, தையல் மெஷினான்னு கேட்டுக்கிட்டே வந்தான். வந்து உங்ககிட்ட சொன்னேன். 'ம்'னீங்க."

"சொன்னியா?"

"நான் எதுதான் சொல்லல? நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும். கூப்பிடறேன். அந்த அறையில போய் நில்லுங்க. தட்டை உலர வச்சு வையுங்க. இப்ப வைக்கிறேன், ரொட்டி கருகுது."

*

மறுநாள் கனிஷாய் வீட்டிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து தெளிந்த தட்டுகளுக்குச் சூடு காட்டினாள். ஈரம் இருந்தால் மின்சாரம் தங்காது. ரினாத் பெட்டி மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். "ஒரு தட்டைக் குளிப்பாட்டித் தலை துவட்டி விடறதுக்குள்ள கணவாய் மூடப்போகுது," என்று முனகினான்.

நசிபா கூப்பிட்டாள். "என்னை எங்க வைக்கப் போறீங்க? கைப்பிடி பக்கம் வையுங்க. தட்டுக்குப் பின்னால. குமிழ் பக்கத்துல வேணாம். பொறி பாஞ்சா போன் போயிடும், அப்புறம் உங்களுக்குப் பொண்டாட்டியும் இல்ல, போனும் இல்ல."

பின்னால் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தேன். கனிஷாய் பக்கத்தில் தள்ளி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இந்தப் பக்கம் வராதீங்க," என்றது நசிபாவின் குரல். "முன்னால போங்க. இன்னும் ரெண்டு அடி. அங்கதான் நின்னீங்க. கனிஷாய், சுத்து. வேகமா வேணாம், ஒரே சீரா."

தட்டுகள் நகர்ந்தன, எதிர் எதிராக. மெல்லிய சரசரப்பு. ஓசோன் வாடை, இடி மழைக்கு முந்தைய வாடை, அறையில் ஏறியது. குமிழ்களுக்கு நடுவில் நீலப் பொறி ஒன்று படீரென்று பாய்ந்தது. ரினாத் விதை கொறிப்பதை நிறுத்தினான்.

நான் தட்டின் ஊடாகப் பார்த்தேன்.

வெள்ளித் தகடுகள் ஒவ்வொன்றாக ஒரு முகத்தின் குறுக்கே ஓடின. கண் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. தலைத் துணியிலிருந்து தப்பிய இரண்டு மயிரிழை நெற்றியில் கிடந்தது, நரைத்த மயிர். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றிச் சுருக்கம், கன்னம் கொஞ்சம் தளர்ந்திருந்தது, மற்றது எல்லாம் அப்படியே. அடக்குகிற சிரிப்பு இடது பக்க வாயோரத்தில் முதலில் உடையும். அந்த இடம் எனக்குத் தெரியும். இத்தனை காலம் நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் அதுதான்.

முகத்தோடு சேர்ந்து ஒரு அறையும் வந்தது. இந்த அறை இல்லை. உயரமான ஜன்னல், வெளியே பிஷ்கெக் டிராலி பஸ்ஸின் கம்பிகள், வெள்ளை மேலங்கிகள். ராணுவத்திலிருந்து திரும்பி, பள்ளியை விட்டு நாலு வருஷம் கழித்து நான் சேர்ந்த கல்லூரியில் எங்களையே சுற்றச் சொல்வார்கள்.

"முதல் ஆய்வக வகுப்பு," என்றாள் நசிபா. சரசரப்புக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள். "நான் சுத்தினேன். நீங்க எதிர்ல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னீங்க. பொறியைப் பாக்கறான்னு நினைச்சேன். மலையிலேருந்து வந்த கன்னுக்குட்டி, மின்சாரத்தையே பாத்ததில்ல போலன்னு தோழிகிட்ட சொன்னேன். சிரிப்பை அடக்க முடியல."

"பொறியைப் பாக்கல," என்றேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே."

கனிஷாயின் கை தளர்ந்தது. தட்டுகள் மெதுவாயின, நின்றன. ஒரு வெள்ளித் தகடு சரியாக நசிபாவின் வாய்க்குக் குறுக்கே வந்து நின்றது. கண்கள் மட்டும் தெரிந்தன.

மின்கம்பி அறுந்த குடிசையில், பனியில், நான் நினைத்து ஏங்கியது எல்லாம் வீட்டில் எனக்காக விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை. வீடு திரும்பியதும் அவள் கதவைத் திறப்பாள். நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, சாப்பாடு என்ன என்று கேட்பேன்.

"சரி, சொல்லுங்க," என்றான் ரினாத், பொறுக்க முடியாமல். "எது பள்ளிக்கூடத்தோடது, எது என்னோடது?"

"கறுப்புதான் எங்க வகுப்போடது. வலது குமிழ் எர்னா வீட்டுக் கட்டில் குமிழ். அது இங்கேயே இருக்கணும்."

"ஐயோ பைகே! நேத்து மாத்திச் சொன்னீங்களே!"

"நேத்து நான் சரியாப் பாக்கல."

"அப்ப எனக்கு இந்தப் பிளாஸ்டிக்கா? எழுபத்தொம்பது! இதை வாங்கிட்டுப் போனா என் கடையில என்னையே வித்துருவாங்க. எபோனைட்டுக்குத்தான் ஆள் இருக்கு. எஜே, கணினியை நான் வண்டியிலேயே வச்சுக்கறேன்."

கனிஷாயின் முகம் வாடியது. அப்போது போனிலிருந்து குரல் வந்தது. "கனிஷாய், கீழ் அலமாரியில, நிலப்படங்களுக்குப் பின்னால ஒரு மரப்பெட்டி இருக்கும். எடுத்து அவனுக்குக் காட்டு."

பெட்டியில், மின்சாரத்தைப் பெருக்கிப் பொறி பாய்ச்சும் தூண்டுசுருள் ஒன்று இருந்தது. கைத்தண்டை கனத்தில் உருளை, பச்சைப் பட்டுநூல் சுற்றிய கம்பி, ஓரத்தில் சின்னப் பித்தளைச் சுத்தியல் ஒன்று. அந்தச் சுத்தியல் துடித்துத் துடித்து மின்சாரத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். எபோனைட் இயந்திரத்தை விடவும் மூத்தது. ரினாத் தொப்பியைக் கழற்றினான். அன்றுதான் அவனுக்கு வழுக்கை என்று தெரிந்தது.

"பைகே," என்றான் தாழ்ந்த குரலில், "உங்க வீட்டம்மா மாஸ்கோவில சூப் ஊத்தவா போனாங்க? என்கூடக் கடையில உக்காரச் சொல்லுங்க."

"அவங்களுக்கு உன் யாவாரம் ஒத்து வராது. இளகின மனசு இல்ல," என்றாள் கனிஷாய்.

இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கணினியை இறக்க வண்டிக்குப் போனார்கள். நான் தட்டுக்கு முன்னாலேயே நின்றிருந்தேன். போன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"நசிபா."

"ம்."

"எப்ப வர்ற?"

வெள்ளித் தகடு இன்னும் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. கண்கள் அசையவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்துத் தட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். போகவில்லை. அவள் தலைத் துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டது காதுல விழுந்துச்சு," என்றாள். "ஆறு வருஷமா பனியா மழையான்னு கேட்டீங்க. இதை இன்னைக்குத்தான் கேக்குறீங்க. கொஞ்சம் யோசிக்க விடுங்க."

"யோசி."

"நம்ம சின்ன மகன் கடன் முடியணும். இங்க கோடை வரைக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுக்கப்புறம்..." பின்னால் ஒரு மணி நீளமாக அடித்தது. பிள்ளைகளின் கூச்சல் சமையலறைக்குள் வந்து மோதியது. "வந்துட்டாங்க பிசாசுங்க. சூப் ஆறிடும். அந்தத் தட்டை வெயில்ல வைக்காதீங்க. கேட்டுச்சா? வசந்தத்துல ஈரம் ஏறும், துணி போட்டு மூடுங்க. வந்து நான் சுத்திப் பாப்பேன்."

திரை இருண்டது.

*

அன்று மாலையே எர்னாவுக்கு எழுதினேன். அன்புள்ள எர்னா என்று தொடங்கி, குளிர், கணவாய் நிலவரம், கூட்டம் நடக்கும் நேரம் எல்லாம் எழுதினேன். இயந்திரம் இருக்கிறது, கறுப்புத் தட்டு, ஒரு பக்கம் பழுப்பேறிவிட்டது, வலது குமிழ் உங்கள் வீட்டுக் கட்டிலுடையது, தட்டைக் கழுவி உலர்த்தினால் பொறி வரும் என்று நசிபா சொல்கிறாள், கட்டாயம் வா என்று எழுதினேன். தோக்தோசுனுக்கு நெஞ்சில் கருவி வைத்திருக்கிறார்கள், ஆகவே அவன் வட்டத்தில் நிற்க மாட்டான், படம் பிடிப்பான், குமிழைத் தொலைத்ததற்கு அதுவே தண்டனை என்றும் எழுதினேன். எர்னாவிடமிருந்து உடனே ஒரு படம் வந்தது. விமானச் சீட்டு.

அவள் வந்தால் எனக்கு வலப்பக்கம் நிற்பாள். முழங்கையில் சுண்டும். சந்தோஷமாக இருக்கும். அவ்வளவுதான்.

தெளிந்த தட்டு இயந்திரத்தைக் கனிஷாய் எனக்கே கொடுத்துவிட்டாள். வீட்டில் வெயில் படாத மூலை ஒன்றுதான் உண்டு, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில். அங்கே ஒரு மேசை போட்டு, துணி மூடி வைத்திருக்கிறேன். நான் தேநீர் குடிக்கும் நாற்காலி இந்தப் பக்கம். கைப்பிடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்து, அங்கேயும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். ஈரம் ஏறிவிட்டதா என்று அவ்வப்போது துணியை விலக்கிப் பார்ப்பேன். தட்டுக்கு அந்தப் பக்கம் சுவர் தெரிகிறது, நாற்காலியின் முதுகு தெரிகிறது.